தண்ணிக்குள்ள அது எப்படி சார் பாடும்?

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்கான சுற்றறிக்கையில் என் பெயருக்கு எதிரே ‘ஒலியியல் கற்பித்தலில் புதிய அணுகுமுறைகள்’ என்று போட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய தலைப்புக்கு என்னிடம் சரக்கு இல்லை. ஒரு மாணவன் கேட்ட கேள்வி, அதற்கு நான் சொன்ன தவறான பதில், அந்தத் தவறைத் திருத்தப் போய் நான் படித்துத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள், இவ்வளவுதான் இருக்கின்றன.

2017 என்று நினைவு. எட்டாம் வகுப்பு. ஒலி பரவும் வேகத்தைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். காற்றில் விநாடிக்கு 340 மீட்டர், நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர், இரும்பில் 5,000 மீட்டருக்கும் மேல். மதியம் முதல் பாடவேளையில் இப்படி மூன்று வரி எழுதினால் வகுப்பு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தூக்கத்தைக் கலைப்பதற்காக, “கடலுக்குள்ளே திமிங்கலம் பாட்டுப் பாடும், தெரியுமா?” என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

“சார், பாடினா மூச்சு வெளிய போகும்ல? தண்ணிக்குள்ள மூச்சு விட்டா குமிழி வரும். கொஞ்ச நேரத்துல மூச்சு தீந்துரும். அப்ப தண்ணிக்குள்ள அது எப்படி சார் பாடும்?”

அவன் தினமும் கிணற்றில் குதித்துக் குளிக்கிற பையன். தண்ணீருக்குள் கத்திப் பார்த்தவன். நான் கத்திப் பார்த்ததில்லை. “குமிழி வரத்தான் செய்யும். அதுக்குப் பெரிய நுரையீரல், தாங்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். வகுப்பு அடங்கியது. அவன் முகத்தில் மட்டும் நம்பிக்கை இல்லை.

அன்று மாலை ஆற அமரத் தேடிப் படித்தபோதுதான், நான் சொன்னது முழுத் தவறு என்று தெரிந்தது. டால்பின்கள் ஒலி எழுப்ப மூச்சை வெளியே விட வேண்டியதே இல்லை. நமக்குக் குரல்வளையில் குரல் நாண்கள் இருக்கின்றன அல்லவா? டால்பினுக்கு ஒலி பிறக்கும் இடம் மூக்கு. தலையுச்சியில் உள்ள மூச்சுத்துளைக்குச் சற்றுக் கீழே, மூக்குப் பாதையில் உதடுகள்போல இரண்டு மடிப்புகள் உள்ளன. காற்று அவற்றைத் தாண்டும்போது அவை அதிர்கின்றன. தாண்டிய காற்று வெளியே போகாமல் பக்கத்தில் உள்ள பைகளில் தங்கி, திரும்பவும் உள்ளே வருகிறது. ஒரே மூச்சுக் காற்றை முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டியே ஒலி எழுப்புகிறது. மறுவாரம் வகுப்பில், “நான் அன்னிக்குச் சொன்னது தப்பு” என்று சொல்லி இதை விளக்கினேன். அவன் விடவில்லை. “டால்பின் சரி சார். நீங்க சொன்னது திமிங்கலம்ல?”

அதற்கான பதிலைக் கடைசியில் சொல்கிறேன். ஏனென்றால் அந்தப் பதில் எனக்குக் கிடைக்க ஏழு ஆண்டுகள் ஆயின.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். கடலில் ஏன் ஒலி இவ்வளவு முக்கியம்? நாம் கண்ணால் வாழ்கிறவர்கள். கடல் நீரில் 200 மீட்டர் ஆழத்துக்குக் கீழே வெளிச்சம் மங்கிவிடுகிறது. 1,000 மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி எட்டுவதே இல்லை. கண்ணுக்கு அங்கே வேலை குறைவு. ஒலிக்கோ நீர் ஒரு ராஜபாட்டை. 1826இல் ஜெனீவா ஏரியில் கோலாடன் என்ற இயற்பியலாளர் ஒரு சோதனை செய்தார். ஏரியின் ஒரு கரையோரம் படகிலிருந்து மணியொன்றை நீருக்குள் தொங்கவிட்டு அடிக்க வைத்தார். மணியை அடிக்கும் அதே நெம்புகோல் மேலே வெடிமருந்தையும் பற்றவைக்கும். 13 கிலோமீட்டருக்கும் அப்பால் எதிர்க்கரைப் பக்கம், நீரில் அமிழ்ந்த நீண்ட குழாய் ஒன்றில் காதை வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். வெளிச்சம் தெரிந்த நொடியிலிருந்து மணியோசை வந்து சேரும்வரை கணக்கிட்டார். கிடைத்த வேகம் விநாடிக்கு 1,435 மீட்டர். குளிர்ந்த நன்னீருக்கு இன்றைக்கும் சரியாக வரும் அளவு. எனக்கு அந்த எண்ணைவிட வியப்பானது தொலைவுதான். ஒரு மணியின் ஓசை, 13 கிலோமீட்டர் தாண்டி ஒரு மனிதனின் காதுக்குக் கேட்டிருக்கிறது. நம் பள்ளி மணி அடுத்த தெருவுக்குக் கேட்பதில்லை. இதை வகுப்பில் ஒரு கணக்காகவே கொடுக்கலாம்: நீரில் ஒன்பதரை விநாடியில் வந்த ஒலி, அதே தொலைவைக் காற்றில் கடக்க எத்தனை விநாடி ஆகும்?

அடுத்து காது. இங்கேதான் கிணற்றில் குளிக்கும் பிள்ளைகள் நமக்கு ஆசிரியர்கள். நீருக்குள் மூழ்கியிருக்கும்போது ஒருவன் இரண்டு கற்களைத் தட்டினால் ‘டக் டக்’ என்று நன்றாகக் கேட்கும். எந்தப் பக்கமிருந்து கேட்கிறது என்று மட்டும் சொல்ல முடியாது. தலைக்குள்ளேயே கேட்பதுபோல இருக்கும். கேட்டுப் பாருங்கள், பாதி வகுப்பு “ஆமா சார்” என்று சொல்லும். இதற்கு இரண்டு காரணங்கள். ஒலி இடது காதுக்கும் வலது காதுக்கும் வந்து சேரும் நேரத்தில் உள்ள நுண்ணிய வேறுபாட்டை வைத்துத்தான் நம் மூளை திசையை அறிகிறது. நீரில் ஒலி நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகப் போவதால் அந்த வேறுபாடு கால்பங்குக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. இரண்டாவது, நீரிலிருந்து ஒலி நம் மண்டை ஓட்டுக்குள் நேராக இறங்கி, இரண்டு காதுகளையும் ஒன்றாக அதிர வைத்துவிடுகிறது.

டால்பின் இதை எப்படிச் சமாளிக்கிறது? அதன் வெளிக்காது ஓர் ஊசித்துளை அளவுதான். ஒலி உள்ளே போகும் முக்கிய வழி கீழ்த்தாடை. தாடை எலும்பின் பின்பகுதி மிக மெல்லியது. அதன் உள்ளே ஒருவகைக் கொழுப்பு நிறைந்திருக்கிறது. அந்தக் கொழுப்பு ஒலியை வாங்கி உட்காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்தக் காதெலும்பும் நம்முடையதுபோல மண்டை ஓட்டோடு ஒட்டியிருப்பதில்லை. தசைநார்களில் தொங்கியபடி, நுரை நிறைந்த குழிகள் சூழத் தனித்திருக்கிறது. அதனால் இடது காது வேறு, வலது காது வேறு. நீருக்குள் திசை தெரிந்துவிடுகிறது.

இதை வகுப்பில் காட்டுவது எளிது. இசைக்கவையை ரப்பர் கட்டையில் தட்டி, அதன் காம்பை மாணவரின் தாடையில் வையுங்கள். இரண்டு காதுகளையும் விரலால் அடைத்துக்கொண்டாலும் ஒலி கேட்கும், முன்னைவிடப் பெரிதாகவே கேட்கும். ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறை ‘ஐ!’ என்று சொல்லிவிட்டுத்தான் இசைக்கவையை அடுத்தவரிடம் கொடுக்கும். தாடையால் கேட்பது என்றால் என்ன என்று அதற்குப் பிறகு விளக்க வேண்டியிருக்காது.

காதெலும்பு பற்றிப் பேசும்போது ஒரு கிளைக்கதை. திமிங்கலங்களின் முன்னோர் நிலத்தில் நடந்தவை என்பது உங்களுக்குத் தெரியும். ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் ரங்கா ராவ் என்ற இந்திய நிலவியலாளர் சேகரித்து வைத்திருந்த பாறைகள், அவர் மறைவுக்குப் பின் தேவிசன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் கைக்கு வந்தன. பாறையிலிருந்து ஒரு சிறிய மண்டையோட்டைப் பிரிக்கும்போது உதவியாளர் கைதவறி அதன் காதெலும்பை உடைத்துவிட்டார். உடைந்த இடத்தைப் பார்த்தால், ஒரு பக்கம் தடித்த சுவர். அது திமிங்கலக் குடும்பத்துக்கே உரிய அடையாளம். இண்டோஹயஸ் என்ற, ஏறத்தாழ 4 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய, மான்குட்டி போன்ற அந்தச் சிறு விலங்கு திமிங்கலங்களின் நெருங்கிய உறவு என்று 2007இல் அறிவித்தார்கள். சாட்சி சொன்னது காது. பரிணாமப் பாடம் எடுப்பவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

டால்பின் கேட்பதோடு நிற்பதில்லை, ஒலியால் பார்க்கிறது. நெற்றியில் உள்ள கொழுப்புத் திரட்சி ஒரு குவிவில்லைபோல, ‘கிளிக்’ ஒலிகளைக் குவித்து முன்னே அனுப்புகிறது. பட்டுத் திரும்பும் எதிரொலியைத் தாடை வாங்குகிறது. 1960 வாக்கில் கென்னத் நாரிஸ் ஒரு டால்பினின் கண்களை ரப்பர் மூடியால் மூடிவிட்டார். தொங்கவிட்ட குழாய்களுக்கு நடுவே அது எதிலும் இடிக்காமல் நீந்திப் போனது. நம் நாட்டிலேயே இதற்கு இன்னும் நல்ல சான்று இருக்கிறது. தேசிய நீர்வாழ் விலங்கான கங்கை டால்பினின் கண்ணில் வில்லையே கிடையாது. கலங்கிய ஆற்று நீரில் அது வாழ்நாள் முழுவதும் எதிரொலியை நம்பித்தான் மீன் பிடிக்கிறது. மனிதர் கேட்கும் எல்லை 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று நாம் எழுதிப்போடுகிறோம். பாட்டில்மூக்கு டால்பின் ஏறத்தாழ 1,50,000 ஹெர்ட்ஸ்வரை கேட்கும். மறுகோடியில், நீலத் திமிங்கலத்தின் குரல் பெரும்பாலும் 10 முதல் 40 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். அதில் ஒரு பகுதி நமக்குக் குற்றொலி. உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் நீலத் திமிங்கலத்தின் ஒலி என்று ஏதாவது போட்டுக் காட்டினால், அது பெரும்பாலும் வேகம் கூட்டிய பதிவு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ‘திமிங்கலத்தின் குரல் ஜெட் விமானத்தைவிடப் பெரிது, 180 டெசிபல்’ என்று வாட்ஸப்பில் வரும். நானும் ஒருமுறை அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டேன். காற்றில் டெசிபல் அளக்கும் அடிப்படை வேறு, நீரில் வேறு. இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் நீரின் அளவிலிருந்து ஏறத்தாழ 62 கழிக்க வேண்டும். கழித்தால் ஜெட் விமானம் காணாமல் போய்விடும்.

பேச்சுக்கு வருவோம். பாட்டில்மூக்கு டால்பின் ஒவ்வொன்றும் பிறந்த சில மாதங்களில் தனக்கென்று ஒரு சீழ்க்கை ஒலியை உருவாக்கிக்கொள்கிறது. வேறொன்று அதே சீழ்க்கையை எழுப்பினால், உரிய டால்பின் பதில் கொடுக்கிறது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2013இல் இதைக் கடலில் வாழும் டால்பின்களிடமே சோதித்துக் காட்டினார்கள். வருகைப் பதிவேடு என்றுதான் என் வகுப்பில் சொல்வேன்.

கூன்முதுகுத் திமிங்கலங்களில் பாடுவது ஆண் மட்டும். ரோஜர் பெய்னும் ஸ்காட் மெக்வேயும் 1971இல் எழுதிய கட்டுரையில், அந்த ஒலி வெறும் கத்தல் அல்ல, வரிசை மாறாமல் திரும்பத் திரும்ப வரும் பாட்டு என்று காட்டினார்கள். ஒரு கடற்பகுதியில் உள்ள ஆண்கள் எல்லாம் ஒரு காலத்தில் ஒரே பாட்டைத்தான் பாடும். ஆண்டுதோறும் அது சற்றே மாறும். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடலில் இருந்தவை, 1990களின் இறுதியில் இரண்டே ஆண்டுகளில் தங்கள் பழைய பாட்டைக் கைவிட்டு, மேற்குக் கடலின் பாட்டுக்கு மாறிவிட்டன. புதுப்படப் பாட்டு வந்ததும் நம் பிள்ளைகள் செய்வதுதான்.

இப்போது, நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது.

உங்களில் எத்தனை பேர் நடுவில் ஒரு தட்டி மட்டும் வைத்து இரண்டு வகுப்புகள் நடக்கும் கூடத்தில் பாடம் எடுத்திருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம், முகமே சொல்கிறது. அந்தப் பக்கம் வாய்ப்பாடு தொடங்கியதும் நம் குரல் தானாக உயரும். மாலையில் தொண்டை கட்டிவிடும். இரைச்சலில் குரல் தன்னையறியாமல் உயர்வதை 1911இல் பிரான்சில் லோம்பார்ட் என்ற மருத்துவர் விவரித்தார். அவர் பெயரால்தான் அந்த விளைவு அழைக்கப்படுகிறது. கப்பல் இரைச்சல் மிகுந்த அட்லாண்டிக் கடலில் வாழும் ரைட் திமிங்கலங்களும் பழைய பதிவுகளில் உள்ளதைவிட உயர்ந்த சுருதியில் இப்போது கூப்பிடுகின்றன. கப்பல் இயந்திரமும் சுழலியும் எழுப்பும் தாழ்ந்த ஒலி, அவை பேசும் அதே அதிர்வெண்களில் அமைந்துவிட்டது. வட அட்லாண்டிக்கில் இன்று 400க்கும் குறைவாகவே எஞ்சியுள்ள இனம் அது.

2001 செப்டம்பரில் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் இரண்டு ஆய்வுகள் தனித்தனியே நடந்துகொண்டிருந்தன. ஒரு குழு நீருக்குள் ஒலிவாங்கி வைத்துத் திமிங்கலங்களின் ஒலியைப் பதிவு செய்தது. இன்னொரு குழு திமிங்கலங்களின் சாணத்தைச் சேகரித்தது. சிரிக்காதீர்கள். சாணத்தில் உடலின் மனஅழுத்த ஹார்மோன்கள் இருக்கும், ஊசி போடாமலே அளக்கலாம். மிதக்கும் சாணத்தை மோப்பம் பிடிக்கப் பிற்பாடு நாய்களைக்கூடப் படகில் ஏற்றிப் போனார்கள். செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் தாக்குதல் நடந்தது. அதைத் தொடர்ந்த நாட்களில் அந்த விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து வெகுவாகக் குறைந்தது. கடல் அடங்கியது.

பல ஆண்டுகள் கழித்து இரு குழுவினரும் தங்கள் குறிப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். நீருக்குள் இரைச்சல் 6 டெசிபல் குறைந்திருந்தது. அதாவது ஒலி அழுத்தம் பாதியாக, ஒலிச்செறிவு கால்பங்காக. அதே நாட்களில் திமிங்கலங்களின் மனஅழுத்த ஹார்மோனும் குறைந்திருந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே பருவத்தில் அப்படிக் குறையவில்லை. ரொசலிண்ட் ரோலண்டும் உடன் ஆய்வாளர்களும் இதை 2012இல் வெளியிட்டார்கள். திட்டமிட்டு யாரும் செய்திருக்க முடியாத சோதனை. ஒரு கடலை முழுதாக அமைதியாக்க எந்த ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு? அந்தத் திமிங்கலங்கள் தினமும் எந்த இரைச்சலைச் சுமந்து வாழ்ந்தன என்பது, அது சில நாள் நின்றபோதுதான் நமக்குத் தெரிந்தது. இந்த இடத்தில் நான் வகுப்பை ஒரு நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்வேன். என்னென்ன கேட்கிறது என்று பிறகு எழுதச் சொல்வேன். மின்விசிறி, பேருந்து, சத்துணவுக் கூடத்துப் பாத்திரம். ஒரு மாணவி ‘என் மூச்சு’ என்று எழுதியிருந்தாள்.

கப்பல் இரைச்சல் மெல்ல அரிப்பது. கடற்படைகளின் சோனார் வேறு வகை. 2000 மார்ச்சில் பஹாமா தீவுகளில் 17 திமிங்கலங்களும் டால்பின்களும் கரை ஒதுங்கின. பெரும்பாலும் மிக ஆழமாக மூழ்கும் அலகுத் திமிங்கலங்கள். அப்பகுதியில் பயன்படுத்திய சோனார்தான் காரணம் என்று அமெரிக்கக் கடற்படையின் கூட்டறிக்கையே ஒப்புக்கொண்டது. 2002இல் ஸ்பெயினின் கேனரி தீவுகளிலும் கடற்படைப் பயிற்சியின்போது அலகுத் திமிங்கலங்கள் ஒதுங்கின. ஸ்பெயின் 2004இல் அங்கே அத்தகைய சோனாருக்குத் தடை விதித்தது. அதற்குப் பின் அப்படிக் கூட்டமாக ஒதுங்குவது அங்கே நின்றது.

இதைச் சொன்னதும் நம் பிள்ளைகள் மணப்பாடு பற்றிக் கேட்பார்கள். 2016 ஜனவரியில் திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் இடையிலான கடற்கரையில் எண்பதுக்கு மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் படகில் கட்டி ஆழ்கடலுக்கு இழுத்துவிட்டும் சில திரும்பி வந்தன. அவை கூட்டத்தைப் பிரியாத இனம். கரையில் கிடப்பது கூப்பிட்டால் கடலில் இருப்பது வரும். அப்போது நிலநடுக்கம், சோனார் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எதுவும் உறுதியாகவில்லை. 1973லும் இதே கடற்கரையில் ஒரு பெருங்கூட்டம் ஒதுங்கியது. பஹாமாவில் சோனார் என்பதால் மணப்பாட்டிலும் சோனார்தான் என்று சொல்லிவிடாதீர்கள். சான்று உள்ளதையும் இல்லாததையும் பிரித்துச் சொல்ல இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

பாக் நீரிணைப் பக்கப் பள்ளிகளிலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கடலில் ஆவுளியா இருக்கிறது. புத்தகத்தில் கடல்பசு என்று போட்டிருப்பது அதைத்தான். 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கான பாதுகாப்பகமாக நம் அரசு அறிவித்தது. கடற்புல் மேயும் அந்தப் பெரிய உடம்பிலிருந்து வருவது குருவி கத்துவதுபோன்ற கீச்சொலி. உங்கள் மாணவர்களின் வீடுகளில் அதை நேரில் பார்த்த தாத்தாக்கள் இருப்பார்கள். என்னைவிட அவர்களை வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள்.

சரி, அந்தப் பையனின் கேள்வி. திமிங்கலம், அதாவது பல்லில்லாத பெரிய திமிங்கலம், எப்படிப் பாடும்? அவை ஒலிக்கும்போது குரல்வளையைப் பயன்படுத்துகின்றன என்பதும், காற்று வெளியேறாமல் உள்ளே ஒரு பையில் தங்கித் திரும்புகிறது என்பதும் ஊகமாக இருந்தன. எது அதிர்கிறது என்பது தெரியாமலிருந்தது. 2024இல் டென்மார்க்கைச் சேர்ந்த எலமன்ஸ் குழுவினர், கரை ஒதுங்கி இறந்த மூன்று இனத் திமிங்கலங்களின் குரல்வளைகளை எடுத்து, ஆய்வகத்தில் அவற்றுக்குள் காற்றை ஊதிப் பார்த்தார்கள். அங்கே ஒரு கொழுப்பு மெத்தை இருந்தது. யு வடிவக் குருத்தெலும்பு அதன்மேல் அழுந்த, இடையில் போகும் காற்று அந்த மெத்தையை அதிர வைத்தது. அதுதான் குரல். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. இந்த அமைப்பால் ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்துக்குள், 300 ஹெர்ட்ஸுக்குள்தான் பெரும்பாலும் ஒலிக்க முடியும். கப்பல் இரைச்சல் மிகுந்திருப்பதும் அங்கேயேதான். சற்றுத் தள்ளிப் போய்ப் பேச அவற்றுக்கு வழி இல்லை.

ஆக, 2017இல் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் இருந்தவன் கேட்டது, அன்றைக்கு உலகில் யாருக்கும் முழுப் பதில் தெரியாத ஒரு கேள்வி. அதற்குத்தான் ‘பெரிய நுரையீரல், தாங்கும்’ என்று நான் பதில் சொல்லியிருக்கிறேன். அவன் இந்நேரம் கல்லூரி முடித்திருப்பான். பழைய எண்ணில் கூப்பிட்டால் வேறு யாரோ எடுக்கிறார்கள். அவன் ஊரிலிருந்து வரும் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

நேரம் ஆகிவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் பார்க்கிறார். இசைக்கவை இரண்டு கொண்டுவந்திருக்கிறேன். பள்ளியில் இசைக்கவை இல்லாதவர்கள், எவர்சில்வர் கரண்டியை நூலில் கட்டி, நூலின் இரு முனைகளையும் விரலில் சுற்றிக் காதில் வைத்துக்கொண்டு, கரண்டியை மேசையில் மோதவிட்டாலும் போதும், கோயில் மணிபோலக் கேட்கும். தேநீர் இடைவேளையில் வெளியே குழாயடிக்கு வாருங்கள். ஒரு வாளித் தண்ணீரும் இரண்டு கூழாங்கற்களும் வைத்திருக்கிறேன். வாளியில் காதை நனைத்துக் கேட்க யாராவது ஒருவர் முன்வர வேண்டும். தலையைத் துவட்டத் துண்டு என்னிடம் இருக்கிறது.